களிக் காட்சிக்கு இரண்டு மைக்

1. சானமாவில் யானை

யானை வந்துவிட்டது என்று மஞ்சுநாத் சொன்னபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. டப்பிங் தொழிலில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். மின்சாரம் போய்க் கால்ஷீட் கெட்டிருக்கிறது. மைக் கெட்டிருக்கிறது. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறோம். யானையால் வேலை நின்றது அதுதான் முதல் தடவை.

"சானமாவு காட்டுல இருந்து கூட்டமா எறங்கி ரோட்டோரம் நிக்குதாம் சார். ராயக்கோட்டை ரோட்டுல ஃபாரஸ்ட்காரங்க வண்டிங்கள நிறுத்தி வெச்சிருக்காங்க. சரோஜம்மா பஸ்ஸுல மாட்டிகிட்டாங்க" என்றார் மஞ்சுநாத்.

"எத்தனை யானை?"

"அதையும் எண்ணணுமா சார் உங்களுக்கு?"

மஞ்சுநாத் எங்கள் சவுண்ட் என்ஜினியர். தளி பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். என்னைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாடிக்கு எத்தனை படி, ஒரு வசனத்தில் உதடு எத்தனை முறை மூடுகிறது, ஒரு மணி நேரத்தில் கீழே எத்தனை லாரி ஹார்ன் அடிக்கிறது என்று எல்லாம் எண்ணுவேன். டப்பிங் இன்சார்ஜுக்கு அது நோய் இல்லை, தகுதி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி. படப்பிடிப்பில் பதிவாகும் குரலை 'பைலட்' என்போம். அதில் காற்றும் வண்டிச் சத்தமும் கலந்திருக்கும் என்பதால் பல படங்களில் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. நடிகரைக் கண்ணாடி பூத்துக்குள் தனியாக நிற்க வைத்து, திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேசச் செய்து பதிவு செய்வோம். உதடும் குரலும் சேருகிறதா, உணர்ச்சி சரியா என்று பார்க்கிறவர் இன்சார்ஜ். சென்னையில் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்று, மத்திகிரியில் மகன் வீட்டுக்கு வந்தேன். சும்மா இருந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் அங்கே டப்பிங் நடக்கும்.

அன்றைய படம் ஒரு குடும்ப நகைச்சுவைப் படம். இயக்குநர் நிவேதா கிருஷ்ணகிரிப் பெண். முன்பு ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தவர், இது அவருக்கு முதல் படம். கதை எளிமையானது. திருநெல்வேலியில் இருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த பையன், இங்குள்ள தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்கிறான். இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே வீட்டில் ஒரு மாதம் இருக்க வேண்டி வருகிறது. அவ்வளவுதான்.

பெண்ணின் அம்மாவாக நடித்தவர் சரோஜம்மா. நடிகை இல்லை. சானமாவுக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோசும் தக்காளியும் பயிர் செய்கிற குடும்பம். அவர் வீட்டைத்தான் படப்பிடிப்புக்கு எடுத்திருந்தார்கள். லைட் போடுகிறவர்கள் கோசுப் பாத்தியை மிதித்துவிட்டதற்கு அவர் மூன்று மொழியில் திட்டியதைக் கேட்டு, அந்த இடத்திலேயே நிவேதா அவரை நடிக்கச் சொல்லிவிட்டார்.

2. அறுபத்து நான்கில் நாற்பத்தொன்று

ஒன்பது மணிக்குத் தயாரிப்பாளர் செந்தில்நாதன் வந்தார். சேலத்துக்காரர். பல வருடம் விநியோகஸ்தராக இருந்தவர். கெட்டவர் இல்லை. தியேட்டர் காலியாக இருந்து பார்த்தவர், அதனால் பயந்தவர்.

"யானையாமே? பாத்தீங்களா, அதுவே சொல்லுது. இந்த அம்மா குரல் வேணாங்க" என்று சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்தார். "நான் மெட்ராஸ்ல ஒரு லேடி ஆர்ட்டிஸ்ட்கிட்ட சாம்பிள் வாங்கி வெச்சிருக்கேன். கேளுங்க."

போட்டார். சரோஜம்மாவின் வசனத்தை அந்தப் பெண் பேசியிருந்தார். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு இழுப்பு. தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஒரு தெலுங்கு "ஏமண்டி". தமிழை உடைத்து உடைத்துப் பேசும் அந்தப் பாணியைப் பல குடும்பப் படங்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேலை சுத்தம். மூச்சு, நிறுத்தம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

செந்தில்நாதன் சிரித்தார். நிவேதா சிரிக்கவில்லை. மஞ்சுநாத் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே, "எங்க பெரியம்மாவ யாரோ பின்னாடி நின்னு பழிப்புக் காட்டற மாதிரி இருக்குது" என்றார்.

"யோவ், அது காமெடிய்யா."

"காமெடிதான் சார். எங்க பெரியம்மா பேசினா நாங்களும் சிரிப்போம். ஆனா அவங்க நம்மள ஓட்டறதுக்குத்தான் சிரிப்போம்."

நான் இடையில் புகுந்தேன். எழுதிய ஸ்கிரிப்டை முன்பே எண்ணி வைத்திருந்தேன். "சார், ஸ்கிரிப்டுல சரோஜம்மாவுக்கு அறுபத்து நாலு வசனம். அதுல நாப்பத்தொண்ணுல, அந்த அம்மாவுக்குத் தமிழ் வரலைங்கறது மட்டுமே ஜோக். திருநெல்வேலி சம்பந்திக்கு எழுபது. அவங்க அத்தனையிலயும் வேற ஏதாவது ஒரு விஷயம் பேசறாங்க."

"அதனால?"

"நாப்பத்தொண்ணு தடவ ஒரே ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க."

நிவேதா சொன்னார்: "அதனாலதான் சார், ஷூட்டிங்ல அந்த நாப்பத்தொண்ணையும் தூக்கிட்டேன். அந்தந்த இடத்துல அவங்க வீட்டுல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே பேசச் சொன்னேன். எங்க வீட்டுலயும் தெலுங்குதான். சின்ன வயசுல சினிமா பாக்கப் போனா, எங்கள மாதிரி ஆளுங்க திரையில வந்தாலே எங்கம்மா தலைய குனிஞ்சுக்குவாங்க. பக்கத்துல எல்லாம் சிரிப்பாங்க. இவங்க டிபன் பாக்ஸ் மூடிய தேடற மாதிரி கீழ பாத்துகிட்டு இருப்பாங்க."

செந்தில்நாதன் செல்போனைப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். "உங்கம்மாவ நான் கிண்டல் பண்ணலைங்க மேடம். ஆனா தூத்துக்குடில, தேனில டிக்கெட் வாங்கறவனுக்குப் புரியோணும் இல்ல? அதுக்கோசரம் சொல்றேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மெட்ராசுக்குப் பதில் சொல்றதா வாக்கு குடுத்திருக்கேன். அதுக்குள்ள அந்தம்மா வந்து பேசி, எனக்குப் புரியற மாதிரி இருந்துச்சுன்னா சரி. இல்லாட்டி வாய்ஸ் மாத்திடுவேன்."

நிலைமை இவ்வளவுதான். மாலை ஆறுக்குள் சரோஜம்மா தன் குரலில் தானே பேசிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் முகத்தில் அந்த "ஏமண்டி" ஏறிவிடும். அதை அவர் ஊரே தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கும்.

3. தாலுகா ஆபீஸ் தமிழ்

சரோஜம்மா வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். பட்டுப் புடவை. டப்பிங்குக்குப் பட்டுப் புடவை ஆகாது, அசைந்தால் சரசரக்கும், மைக்கில் விழும். ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மஞ்சுநாத் ஒரு போர்வையைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

"வரும்போதே யானைய பாத்துட்டு வரேன், இங்க எனக்கே போர்வை போத்தறீங்களா?" என்று சிரித்தார் சரோஜம்மா. "டிரைவர் பயந்து ஹாரன் அடிக்கப் போனான் சார். நான் சொன்னேன், அது ரோட்டுக்கு வந்தது இல்ல, நாமதான் அது வழியில ரோட்டு போட்டிருக்கறோம், கம்முனு உக்காருன்னு."

எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தக் குரலுக்குப் பயமே இல்லை. பூத்துக்குள் அனுப்பினோம். ஹெட்போன் மாட்டினோம். எதிரே மைக், அதற்கு மேல் திரை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டு. நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்.

எடுத்தது களிக் காட்சி. படத்தின் முக்கியமான காட்சி அதுதான். சம்பந்தி முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறுகிறார்கள். இந்தப் பக்கத்தில் களியை மெல்லுவது கிடையாது. உருண்டையாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். திருநெல்வேலியம்மாவுக்கு அது தெரியாது. வாய் நிறைய வைத்து மெல்லத் தொடங்குகிறார். வாய் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து காட்சி சூடு பிடிக்கிறது.

பைலட்டில் சரோஜம்மா ஒரே மூச்சில் நான்கு வசனம் பேசுவார். சம்பந்தியைப் பார்த்துத் தமிழ். மகள் பக்கம் திரும்பித் தெலுங்கு. வாசலில் வந்து நின்ற பால்காரருக்குக் கன்னடம். மறுபடி சம்பந்தியிடம் தமிழ். அந்த வேகம்தான் சிரிப்பு.

பீப் ஒலித்தது. சரோஜம்மா பேசினார்.

"தயவு செய்து மெல்ல வேண்டாம் சம்பந்தி அவர்களே."

நான் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், வேறு யாராவது பேசுகிறார்களா என்று. மறுபடி எடுத்தோம். "குழம்பில் தோய்த்து விழுங்கவும்." மனு கொடுக்கப் போனவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தெலுங்கு வசனத்தையும் தமிழாக்கிவிட்டார். பால்காரருக்கு "இன்று பால் தேவையில்லை" என்று அறிவித்தார்.

பதினான்கு டேக். ஒன்றுகூடத் தேறவில்லை. நிவேதா பூத்துக்குள் கேட்கும் டாக்பேக் மைக்கில், "அம்மா, வீட்டுல பேசற மாதிரி பேசுங்கம்மா" என்றார்.

"வீட்டுல யாராச்சும் இருப்பாங்களேம்மா" என்றார் சரோஜம்மா. "இங்க யாருகிட்ட பேசறது? காதுல என் குரலே கேக்குது, நல்லாத்தானே இருக்குது, அதையே போட்டுக்கலாமே?"

"அதுல ஜெனரேட்டர் சத்தம் இருக்கும்மா. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தமும் இருக்குது."

"மோட்டார் ஓடினாத்தானம்மா தோட்டம்" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. போர்வைக்குள் இன்னும் சிறிதாகிவிட்டார்.

செந்தில்நாதன் என் பக்கம் குனிந்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க ஐயா. நீங்களே பாக்கறீங்க." கடிகாரத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

4. எதிரில் ஒரு முகம்

மதிய உணவுக்குப் பிறகும் மூன்று டேக் வீணானது. அப்போது தங்கம் வந்தார். திருநெல்வேலிச் சம்பந்தியாக நடித்தவர் அவர்தான். சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். கணவர் வேலைக்காக மத்திகிரிக்கு வந்து குடியேறியவர், தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்கிறவர். அவருடைய டப்பிங் நான்கு மணிக்கு. வழக்கம்போல் சீக்கிரமே வந்தவர், நிலைமையைக் கேட்டுவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பூத்துக்குள் போனார். நான் தடுக்கவில்லை. மைக் திறந்தே இருந்தது.

"என்ன மைனி, இப்படி வாடிப் போய் நிக்கிய? இந்தாங்க, வெந்நி. தொண்டைய நனைச்சுக்கிடுங்க."

ஹெட்போனில் சரோஜம்மாவின் குரல் வெடித்தது. "என்னா சம்மந்தி இது, அரை டம்ளர் ஊத்தறீங்க? உங்க ஊர்ல வெந்நீரையும் அளந்துதான் குடுப்பீங்களா?"

"ஆமா, ஆத்துத் தண்ணிய ஒங்களுக்குன்னு பார்சல் போட்டாக் கொண்டாருவாக? குடிங்க, பேசாம."

"பேசறதுக்குத்தானே கூப்பிட்டிருக்காங்க, பேசாமன்னா எப்படி!"

படத்தில் இருக்கும் அதே சரோஜம்மா. குரலில் அதே ஏற்றம், அதே வேகம். நான் எழுந்து நின்றுவிட்டேன். மூட்டு வலி இருக்கிறவன் அப்படி எழக் கூடாது.

ஓசூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் உள்ள பழக்கம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே யாரும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதில்லை. எதிரில் இருக்கும் முகம்தான் தேர்ந்தெடுக்கிறது. தெலுங்கு முகத்துக்குத் தெலுங்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளி வியாபாரிக்குக் கன்னடம். முகமே இல்லாவிட்டால்? அது கவுன்டர் ஜன்னல், அரசாங்கம். அதற்குத் தாலுகா ஆபீஸ் தமிழ். நாங்கள் அந்த அம்மாவை ஒரு கவுன்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் குடும்பச் சண்டை போடச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மஞ்சு, இன்னொரு மைக் போடு. ரெண்டு ஸ்டூல். எதிரும் புதிருமா" என்றேன்.

மஞ்சுநாத் பதறினார். "சார், அவங்க குரல் இவங்க மைக்ல விழும். லீக் ஆயிடும். அப்புறம் பிரிக்க முடியாது. நீங்கதானே ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுன்னு சொல்லித் தந்தீங்க?"

"விழட்டும். வீட்டுல ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குரல் காதுல விழாதா?"

தொழிலின் முதல் விதியையே மீறப்போகிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலையைத் தொடர்ந்தேன். சரோஜம்மா தங்கத்தைப் பார்க்க வேண்டும். அப்படியானால் திரையைப் பார்க்க முடியாது. திரையைத் தங்கம் பார்க்கட்டும், சரோஜம்மாவின் உதடு அசைகிற நேரத்தில் கையைத் தூக்கட்டும். இடது பக்கம் மகள் முகம் வேண்டும். நிவேதாவே போய் நின்றார், அவர் தெலுங்கு பேசுகிறவர்தானே. வாசல் பக்கம் பால்காரர் முகம் வேண்டும். தளிக்காரர் மஞ்சுநாத்தைப் பூத் கதவோரம் நிறுத்தினேன்.

"அப்ப கன்சோல்ல யாரு சார்?" என்றார் மஞ்சுநாத்.

நான்தான். ரெக்கார்ட் பட்டனை நான் கடைசியாக அழுத்தியபோது அது டேப் மெஷினாக இருந்தது. எது எந்தப் பட்டன் என்று மூன்று முறை கேட்டு எண்ணிக்கொண்டேன்.

ஏசியை அணைத்தோம். ஹெட்போனில் புதிதாக ஒரு சத்தம். கீழே கடை வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு பீப் பீப் என்று கத்துகிறது. மீதி இருந்த ஒரே ஆள் செந்தில்நாதன். நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். படத்தின் முதலாளி பத்தொன்பது படி இறங்கிப் போய், "அண்ணே, அஞ்சே நிமிஷம் ஆஃப் பண்ணுங்கண்ணே" என்று லாரி டிரைவரிடம் கெஞ்சுவது தெருப் பக்க ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

முதல் டேக்கில் தங்கம் கையைச் சீக்கிரம் தூக்கிவிட்டார். இரண்டாவதில் நான் பட்டனை அழுத்த மறந்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுவே அவமானமாக இருந்தது. மூன்றாவது.

"ஐயோ, மெல்லாதீங்க சம்மந்தி! குழம்புல முக்கி அப்படியே உள்ள தள்ளுங்க!"

"மெல்லாம முழுங்க நான் என்ன கோழியா மைனி?"

சரோஜம்மா சடாரென்று நிவேதா பக்கம் திரும்பினார். "ஏமே, மீ அத்தகு நீள்ளு இய்யே!" உன் மாமியாருக்குத் தண்ணீர் கொடு என்று அர்த்தம். அதே மூச்சில் கதவோரம் நின்ற மஞ்சுநாத்தைப் பார்த்து, "இவத்து ஹாலு பேடா, நாளெ பா!" இன்றைக்குப் பால் வேண்டாம், நாளை வா. மஞ்சுநாத் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனார். சரோஜம்மா திரும்பித் தங்கத்திடம், குரலைத் தேனாக்கிக்கொண்டு, "நீங்க நிதானமா சாப்பிடுங்க சம்மந்தி, நான் ஒண்ணும் பாக்கல."

உதடும் குரலும் ஒரு இடத்தில் இரண்டு ஃபிரேம் விலகியிருந்தது. கம்ப்யூட்டரில் நகர்த்திவிடலாம். மற்ற எல்லாம் ஒட்டிப் பிறந்தவை போல் பொருந்தின. என் பின்னால் யாரோ மூச்சுத் திணறுகிற மாதிரி சத்தம். செந்தில்நாதன். ஏறி வந்த மூச்சிரைப்போடு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி விநியோகஸ்தர் ஆனார்.

"எனக்குப் புரியுது. நான் சேலம், இந்தப் பக்கம் வந்து போறவன். தெக்கத்திக்காரனுக்குப் புரியுமா? மெட்ராசுக்கு ஒரு வாரம் டைம் கேக்கறேன். தெக்கத்தி ஆளுங்க ஒரு அம்பது பேருக்குப் படத்தப் போட்டுக் காட்டுங்க. அவங்க இந்தம்மாவோட சேர்ந்து சிரிச்சா இந்தக் குரல். சும்மா உக்காந்திருந்தா அந்தக் குரல்."

"அதுக்குத் தூரமாப் போவணுமா?" என்றார் தங்கம். "மூக்கண்டப்பள்ளில ரெண்டு தெருவத் தட்டுனா பாதித் திருநெல்வேலி எந்திரிச்சு வரும்."

5. இரண்டு பக்கமும்

அந்த வாரம் முழுக்க மற்ற காட்சிகளையும் இரண்டு மைக்கில் முடித்தோம். ஞாயிறு காலை ஓசூரில் ஒரு தியேட்டரை எடுத்தார்கள். தங்கம் அழைத்து வந்தது ஐம்பத்தெட்டு பேர். தென் மாவட்டங்களில் இருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள், அதிலும் புதிதாக வந்தவர்களாகப் பார்த்துக் கூட்டி வந்தார். சரோஜம்மா ஊரில் இருந்து நாற்பத்தாறு பேர் வேனில் வந்தார்கள். யாரும் சொல்லாமலே நடைபாதைக்கு இடது பக்கம் தெற்கத்திக்காரர்களும் வலது பக்கம் ஊர்க்காரர்களுமாக உட்கார்ந்தார்கள். சரோஜம்மா வலது பக்கம் கடைசி வரிசையில், அதே பட்டுப் புடவை. நான் பின்னால் சுவரோரம் நின்றேன். உட்கார்ந்தால் எண்ண முடியாது.

முதல் அரைமணி நேரம் எனக்கு நல்லதாகவே படவில்லை. தங்கம் பேசினால் இடது பக்கம் சிரிக்கிறது, வலது பக்கம் பார்க்கிறது. சரோஜம்மா பேசினால் வலது பக்கம் சிரிக்கிறது, இடது பக்கம் பார்க்கிறது. செந்தில்நாதன் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தார். நிவேதா நகத்தைக் கடித்தார். சரோஜம்மா மடியில் இருந்த பையில் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார். நிவேதா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

களிக் காட்சி வந்தது. தங்கம் களியை வாயில் வைத்து மென்றார். வலது பக்கத்தில் ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், "மெல்லாதம்மா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். இடது பக்கம் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது. "நான் என்ன கோழியா மைனி?" என்றதும் இடது பக்கம் கைதட்டல், அதில் வலது பக்கமும் சேர்ந்துகொண்டது. பிறகு சரோஜம்மாவின் அந்த ஒரே மூச்சு. மகளுக்கு ஒரு மொழி, பால்காரருக்கு ஒரு மொழி, கடைசியில் சம்பந்திக்குத் தேன். "நான் ஒண்ணும் பாக்கல."

தியேட்டர் அதிர்ந்தது. நூற்று நான்கு பேர் சேர்ந்து சிரிப்பது முந்நூறு பேர் சிரிப்பது போல் இருந்தது. இடது பக்கத்தில் தெலுங்கு தெரிந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விருந்தாளிக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தவிக்கும் ஒரு அம்மாவை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். சரோஜம்மா தலையைத் தூக்கினார். இடது பக்கம் பார்த்தார். பிறகு படம் முடியும் வரை குனியவில்லை.

விளக்குப் போட்டதும் செந்தில்நாதன் நேராக என்னிடம் வந்தார். "எத்தனை ஐயா?"

"பெரிய சிரிப்பு மொத்தம் முப்பத்தி மூணு. களிக்கு அப்புறம் மட்டும் இருபத்தி ரெண்டு. அதுல ரெண்டு பக்கமும் சேர்ந்து சிரிச்சது பத்தொன்பது."

"மீதி மூணு?"

"அது கரண்ட் பில் ஜோக். மூணு தடவையும் இடது பக்கம் மட்டும்தான் சிரிச்சுது, கூட நானும்."

வெளியே வராந்தாவில் ஒரு இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரோஜம்மாவைத் தேடி வந்தார். சங்கரன்கோவில் பக்கமாம். ஓசூருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறதாம்.

"யம்மா, எங்க ஹவுஸ் ஓனரம்மாவும் ஒங்கள மாதிரியேதான் பேசுதாவ. என்னையப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி மக கிட்ட என்னமோ சொல்லுவாவ. என்னையத்தான் திட்டுதாவன்னு நெனச்சு அவுக வீட்டுப் பக்கமே நான் போறதில்ல. தண்ணி குடுன்னுதான் சொல்லிருப்பாவ போல."

"திட்டறதா இருந்தா தமிழ்லயே திட்டுவோம் கண்ணு" என்றார் சரோஜம்மா. "உனக்குச் சந்தேகமே வராத மாதிரி திட்டுவோம். நீ போயி அவங்க வீட்டுல உக்காரு. களி குடுத்தா மட்டும் மெல்லாத."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் இடுப்பில் இருந்த குழந்தை குலுங்கியது. செந்தில்நாதன் இரண்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்போனை எடுத்தார். "மேடம், ஓசூர்ல இருந்து பேசறேங்க. அந்த வாய்ஸ் வேணாங்க. இல்லைங்க, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அந்தம்மாவே பேசிட்டாங்க." வைத்துவிட்டு நேராகச் சரோஜம்மாவிடம் போய், "அம்மா, அடுத்த படத்துக்குத் தேதி குடுப்பீங்களா?" என்றார்.

"தக்காளி பறிச்சு முடிக்கட்டும், பாக்கலாம்" என்றார் சரோஜம்மா, நடிகைக்கே உரிய மிடுக்கோடு.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, எந்த ஊர் மனிதரையும் பூத்துக்குள் தனியாக நிறுத்திவிட்டு, அவர் பேச்சு இயல்பாக இல்லை என்று குறை சொல்லாதீர்கள். எதிரில் ஒரு முகத்தை வையுங்கள். குரல் லீக் ஆனால் ஆகட்டும். இரண்டு, குடும்பப் படத்தில் எத்தனை விதமான மனிதர்கள் வருகிறார்கள் என்று எண்ணுவது சுலபம். எங்கள் பழைய ஸ்கிரிப்டிலும் எல்லோரும் இருந்தார்கள். நீங்கள் எண்ண வேண்டியது, ஜோக்கைச் சொல்கிறவர் யார், ஜோக்காக ஆகிறவர் யார் என்பதை. எப்போதும் ஒருவர் பக்கமே அது போய்க்கொண்டிருந்தால் படத்தில் கோளாறு இருக்கிறது, சரி செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

படம் வெளியான அன்று டைட்டிலில் 'சொந்தக் குரல்: சரோஜம்மா' என்று தனி கார்டு வந்தது. தியேட்டர் முழுக்க விசில். ஒன்பது வரை எண்ணினேன். பத்தாவது நான் அடித்தது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.